எனக்கு முன்னால் என் வீட்டுக்குத் தெரிந்த நோய்

மருத்துவமனை ஃபைலை நான் தேடவில்லை. ஆதார் நகல் ஒன்று வேண்டியிருந்தது. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கையை விட்டபோது ஃபைல் தட்டுப்பட்டது. 31 வருடம் மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதியவன் நான். ஒரு காகிதம் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால், யாரோ வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். இடுப்பெலும்பு, கீழ் முதுகெலும்பில் இரண்டு இடம், வலது பக்கம் மூன்று விலா எலும்பு என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரிசையாக இருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளில் பி.எஸ்.ஏ. 486. புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. பக்கத்திலேயே, 4க்குள் இருக்க வேண்டும் என்று ஆய்வகம் அச்சடித்திருந்தது. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிய ரிப்போர்ட்டில் கிளீசன் 4+5=9. அந்தக் கணக்குக்கு அர்த்தம் அப்போது புரியவில்லை. புற்றுநோய்ச் செல் பார்வைக்கு எவ்வளவு மூர்க்கமாக இருக்கிறது என்பதற்குப் போடும் மதிப்பெண், 6 தொடங்கி 10 வரை போகும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

எலும்பு வரை பரவிய புராஸ்டேட் புற்றுநோய். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தது வேறு. "புராஸ்டேட் வீங்கியிருக்குப்பா, மாத்திரையில சரியாயிடும்." ரிப்போர்ட்டில் இருந்த தேதியைப் பார்த்தேன். அவர்களுக்குத் தெரிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அந்தப் பதினோரு நாளும் என்ன நடந்தது என்பது உடனே கண்முன் ஓடியது. மகள் திருச்சியிலிருந்து காரணமே இல்லாமல் இரண்டு முறை வந்து போனாள். மகன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். மனைவி மூன்று வேளையும் எனக்குப் பிடித்ததையே சமைத்தாள். நான் வேறு, "என்ன, வீட்டுல எல்லாரும் இவ்வளவு நல்லவங்களா ஆயிட்டீங்க" என்று கேட்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை இன்றும் வாயால் சொல்லத் தயங்குவார்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் "அடையாறுக்கு அழைச்சிட்டுப் போயிருக்காங்க" என்றால் போதும், கேட்டவர்கள் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல் அடையாறில் அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். எத்தனையோ பேர் பிழைத்து வந்த இடம். ஆனாலும் எங்கள் வாயில் அந்த ஊர்ப்பெயரே வியாதியின் பெயராகிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் பிள்ளைகள் அப்பாவிடம் எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று இருந்தது. இப்போது இல்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஃபைலைக் கூடத்தில் வைத்தேன். "எல்லாரும் படிச்சாச்சு, நானும் படிச்சிட்டேன்" என்றேன். மகன் அழுதான். கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன் அவன். நான் அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று. விசித்திரம் என்னவென்றால், அன்று இரவுதான் நாங்கள் நான்கு பேரும் நன்றாகத் தூங்கினோம்.

புதிதாக இந்த நோய் வந்திருக்கும் வீட்டாரிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். மறைக்காதீர்கள். நோயாளிக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவர் உங்களுக்காக நடிக்க ஆரம்பிப்பார். உடம்பு வலியோடு அந்த வேலையும் சேர்ந்துகொள்ளும்.

மறைத்ததில் என் பங்கும் உண்டு. தை அறுவடை முடிந்ததிலிருந்தே கீழ் முதுகில் வலி. மூட்டை தூக்கிய வலி என்று நானே முடிவு செய்து தைலம் தேய்த்தேன். உழைத்த வலி படுத்தால் குறையும். இது படுத்தால்தான் கூடியது, விடியற்காலை இரண்டு மணிக்கு எழுப்பியது. இரவில் நான்கைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்தேன். வயசு, சர்க்கரை என்று அதற்கும் காரணம் வைத்திருந்தேன். ஒரு கிளினிக்கில் மூன்று மாதம் வலி மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை எழுதவில்லை. நானும் இரவில் எழுவதைப் பற்றி அவர்களிடம் வாயே திறக்கவில்லை. எட்டு கிலோ எடை குறைந்த பிறகுதான் மகள் இழுத்துக்கொண்டு போய் வேறு டாக்டரிடம் காட்டினாள். 50 தாண்டிய ஆண்களுக்குப் படுத்தாலும் விடாத முதுகு வலி வந்தால், சிறுநீர்த் தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான் அது.

அடுத்த வாரம் டாக்டர் அறைக்கு நான்கு பேரும் போனோம். இந்த முறை கேள்விகளை நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இருநூறு பக்க நோட்டு ஒன்று. இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் அவர் சொன்ன பதில். இன்றுவரை அந்த நோட்டுதான் ஓடுகிறது. அந்த அறைக்குள் போனால் காதில் விழுவதில் பாதி மனதில் நிற்பதில்லை. யாராவது ஒருவர் எழுத வேண்டும், அல்லது டாக்டரிடம் கேட்டுவிட்டு போனில் பதிவு செய்ய வேண்டும்.

முதல் கேள்வி, எத்தனை நாள். மனைவி கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். டாக்டர் சின்ன வயதுக்காரர், என் மகனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். "ஐயா, இதை வேரோட எடுக்க முடியாது. அடக்கி வைக்க முடியும். நாள் கணக்குல யோசிக்காதீங்க, வருஷக் கணக்குல யோசிங்க. எத்தனை வருஷம்னு உங்க உடம்பு மருந்தை எப்படி ஏத்துக்குதுங்கறதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார். குணமாகாது என்ற சொல்லைத் தாங்கிக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஆனால் அவர் சுற்றி வளைக்காமல் சொன்னதால்தான் அடுத்து அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பினேன்.

இந்தப் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். அதை நிறுத்தினால் நோய் சுருங்கும். 1941ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் இதைக் கண்டு எழுதினார், 1966ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை வருடம் கழித்தும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். ஹார்மோனை நிறுத்த இரண்டு வழி. மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி. அல்லது இரண்டு விரைகளையும் எடுத்துவிடும் சின்ன அறுவை.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத நினைக்கிறேன். ஆண்கள் யாரும் இதைப் பேசுவதில்லை.

ஊசியில் நல்லது, உடம்பில் எதையும் எடுக்க வேண்டாம். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தேதி தவறாமல் போட வேண்டும், செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். வழக்கமான ஊசிகளில் சிலவற்றில் முதல் இரண்டு மூன்று வாரம் ஹார்மோன் ஒரு தடவை ஏறிவிட்டுத்தான் இறங்கும். முதுகெலும்பில் நோய் இருப்பவர்களுக்கு அந்த ஏற்றம் ஆபத்தாகலாம் என்பதால் முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுத்துக் காப்பார்கள். அறுவையில் ஒரு நாளுக்குள் ஹார்மோன் இறங்கிவிடும். ஒரே செலவு. ஆனால் திரும்ப வைக்க முடியாது.

எனக்குக் கீழ் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் இருந்ததால், சீக்கிரம் இறங்குவது நல்லது என்றார் டாக்டர். முடிவை என்னிடம் விட்டார். இரண்டு நாள் பம்புசெட்டுக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். 64 வயதில் எதற்கு இவ்வளவு யோசனை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். அது ஒரு இழப்பு. அதை இழப்பு என்று ஒத்துக்கொண்டால்தான் துக்கப்பட முடியும், துக்கப்பட்டால்தான் கடக்க முடியும். இரண்டாம் நாள் சாயங்காலம் மனைவி கொட்டகைக்கே காபி கொண்டு வந்தாள். "நீங்க இருக்கணும். எனக்கு அதுதான் வேணும்" என்றாள். நாற்பது வருடத்தில் நாங்கள் இந்த விஷயத்தை வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அறுவை செய்துகொண்டேன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹார்மோனை நிறுத்தும் ஊசியைத் தேர்ந்தெடுத்த நண்பர் ஒருவரும் நன்றாகத்தான் இருக்கிறார். எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வழியும் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு எடுக்கும் அறையில் உங்கள் மனைவியும் இருக்க வேண்டும்.

ஹார்மோனை நிறுத்துவதோடு முடியவில்லை. பரவிய நிலையில் வந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே இன்னொரு மருந்தைச் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்பது 2015க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. டோசிடாக்சல் என்ற கீமோ மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை, அல்லது அபிராடெரோன், என்சலூடமைடு போன்ற மாத்திரைகள். சிலருக்குக் கீமோவும் மாத்திரையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். "ஹார்மோனை நிறுத்துறதோட வேற என்ன சேர்க்கப் போறீங்க, சேர்க்கலைன்னா ஏன்?" என்ற கேள்வியை உங்கள் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு அபிராடெரோன். நாளைக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 1,000 மில்லிகிராம், வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டோடு போட்டால் மருந்து பல மடங்கு உடம்பில் ஏறிவிடும். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் தண்ணீரோடு போட்டுக்கொள்கிறேன். தஞ்சாவூர்க்காரனுக்கு ஆறரை மணி வரை காபி இல்லாமல் இருப்பது பெரிய சோதனை, பழகிவிட்டது. இதோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு. அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் மூன்றையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குச் சர்க்கரையும் இருப்பதால் ஸ்டீராய்டில் அது கொஞ்சம் ஏறியது, சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள்.

கல்லீரல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நோய் தெரிந்த முதல் மாதத்தில் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த வைத்தியங்கள் முப்பதுக்குக் குறையாது. முள் சீத்தா இலைக் கஷாயத்தைச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கே காய்ச்சிக் கொண்டு வந்தார். அன்போடு கொண்டு வந்தவர் மனதை எப்படிப் புண்படுத்துவது? "டாக்டரைக் கேட்டுட்டுக் குடிக்கிறேன் மாமா" என்று வாங்கி வைத்தேன். டாக்டர் வேண்டாம் என்றார். இந்த மாத்திரையே கல்லீரலுக்கு வேலை வைக்கும், என்னவென்று தெரியாத இன்னொன்று அதோடு சேர்ந்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது என்றார். அந்த ஒரு வாக்கியத்தையே பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.

முதுகு வலிக்கு ஒரே ஒரு நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வலி பெருமளவு அடங்கியது. வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. அதற்கென்று மருந்தும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

அன்று டாக்டர் என் மகனையும் மகளையும் தனியாக நிற்கவைத்துச் சொன்னதை நோட்டின் பின்னட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். கால் திடீரென்று பலமிழந்தால், மரத்துப்போனால், உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்தால், சிறுநீர் வராமல் அடைத்தால் அல்லது கட்டுப்பாடில்லாமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகெலும்பில் இருக்கும் கட்டி தண்டுவடத்தை நசுக்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றிரவே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் நடை போய்விடலாம். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. வந்தால் வீட்டில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் உடம்பு சூடேற ஆரம்பித்தது. மார்கழிக் குளிரில் நடு ராத்திரி நெஞ்சிலிருந்து முகம் வரை தணலாக எழும்பும், பனியன் நனைந்துவிடும், அஞ்சு நிமிஷத்தில் குளிரும். பயந்துபோய் மனைவியை எழுப்பினேன். அவள் பதறவில்லை. ஈரத்துண்டு கொண்டு வந்து கழுத்தில் போட்டு மின்விசிறியைக் கூட்டினாள். "எனக்கு இது நாலு வருஷம் இருந்துச்சுங்க" என்றாள். மாதவிலக்கு நின்ற காலத்தில். அதே கட்டிலில் பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அது தெரியவே தெரியாது. அந்த நாலு வருஷமும் ராத்திரி எழுந்து தானே முகம் கழுவிக்கொண்டு வந்து படுத்திருக்கிறாள். இந்த வியாதி எனக்குக் கற்றுக்கொடுத்ததில் என்னை மிகவும் கலங்க வைத்தது இதுதான்.

பருத்தி பனியன், தலைமாட்டில் ஈரத்துண்டு, சாயங்காலத்துக்கு மேல் காபியும் காரமும் இல்லை. எல்லாம் அவள் சொன்ன வைத்தியம்தான். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ரொம்பத் தொந்தரவாக இருந்தால் மாத்திரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஹார்மோன் போனால் எலும்பும் மெலியும், சதையும் கரையும். அதற்கு முன்கூட்டியே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். கால்சியமும் வைட்டமின் டி-யும் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி. எலும்புக்கான ஊசி போடுவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். ஆட்டம் கண்டிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்து, புண் ஆறிய பிறகே ஊசி. காலையில் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை நிரப்பிக் கையால் தூக்கி இறக்குகிறேன். சோர்வு வரும் நாளில் நடந்தால்தான் சோர்வு குறைகிறது. இதை நம்ப எனக்கு நாள் பிடித்தது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க வேண்டும். எந்தச் சிகிச்சை அதில் வரும் என்பதைச் சேருவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். அபிராடெரோன் பல இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கின்றன, கம்பெனிக்குக் கம்பெனி விலை நிறைய வித்தியாசப்படும். டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்டால் கட்டுப்படியாகும் ஒன்றை எழுதித் தருவார். சிகிச்சைக்குப் போய்வர ரயில் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. கையில் இருக்கட்டும். வேறு இடத்தில் இன்னொரு கருத்து கேட்பதாக இருந்தால், சதைப் பரிசோதனையின் ஸ்லைடையும், சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கேட்டு வாங்கலாம்.

மூன்று மாதத்தில் பி.எஸ்.ஏ. 486லிருந்து 11க்கு வந்தது. ஏழாவது மாதம் 0.4. அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். எண் இறங்கினால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஒரு நாள் இந்த மாத்திரைக்கு அது பழகிக்கொண்டு திரும்ப எழும், அப்போது வேறு மருந்துக்குப் போவோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துதான் கேட்டோம். பாயசம் சாப்பிட அது தடையாக இல்லை.

திருப்பூரில் இருக்கும் தம்பியிடம் மட்டும் நான் சொல்லவில்லை. அவன் பயந்தவன் என்று காரணம் வைத்திருந்தேன். பிள்ளைகள் எனக்குச் செய்ததையே நான் அவனுக்குச் செய்துகொண்டிருந்தேன். பரவிய நிலையில் இருப்பவர்களுக்கு மரபணுப் பரிசோதனை பார்ப்பது நல்லது, பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுவில் கோளாறு இருந்தால் மருந்தும் மாறும், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கவனமாக இருக்க வேண்டும், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் அதில் உண்டு என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் போன் செய்தேன். எனக்கு மரபணுவில் எதுவும் இல்லை என்று வந்தது. இருந்தாலும் அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கு மற்றவர்களைவிட ஆபத்து அதிகம். அவன் பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "ஏண்ணே ஆறு மாசமா சொல்லல?" என்றான். பதில் இல்லை என்னிடம். பரிசோதனை செய்துகொண்டான். 1.8. ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் தேடி வந்தான். அவன் அப்பாவுக்கும் இதே நோய், எலும்பில் பரவியிருக்கிறது. நான் வந்து தைரியம் சொல்ல வேண்டும் என்று கேட்டான். மறுநாள் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஓடி வந்து மெதுவாகச் சொன்னான்: "பெரியப்பா, அப்பாவுக்கு என்னன்னு தெரியாது. சும்மா பாக்க வந்த மாதிரி பேசுங்க."

நான் உள்ளே போகவில்லை. திண்ணையில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பட்டுப்புடவைக்கு அடியில் இருந்த ஃபைலைப் பற்றிச் சொன்னேன். நீண்ட நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அவன் அப்பா, "யாருப்பா வந்திருக்கிறது?" என்று குரல் கொடுத்தார். பையன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீங்க கொஞ்சம் இங்கயே இருங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, தனியாக உள்ளே போனான்.